கரி வண்டியும் கொல்லம் வண்டியும்

யுத்தம் வந்து பெட்ரோலைக் கொண்டுபோன பிறகு எங்கள் பஸ் கரியில் ஓடியது. சொன்னால் இப்போது சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் அதற்குக் கரி போட்டதில்லை. வண்டியின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு டிரம்மைக் கட்டி வைத்திருந்தார்கள். அதில் மரக்கரியைக் கொட்டி, அடியில் தீ மூட்டி, பக்கத்தில் இருக்கும் விசிறியைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். தீ கனன்று, அந்தப் புகை குழாய் வழியாக இஞ்சினுக்குப் போனால் வண்டி இருமும். இருமினால் நல்ல சகுனம். நான் அந்த வண்டியில் கண்டக்டராக இருந்தேன். சுரண்டையிலிருந்து தென்காசி, தென்காசியிலிருந்து குற்றாலம், பிறகு வந்த வழியே திரும்பல். இதுதான் என் உலகம்.

முன்பு வண்டியில் கிளீனர் ஒருவன் இருந்தான். துடைப்பது, கழுவுவது, மூட்டை ஏற்றுவது எல்லாம் அவன் பாடு. நான் காக்கிச் சட்டை கசங்காமல் தோல் பையை மாட்டிக்கொண்டு விசில் ஊதினால் போதும். கரி வந்ததும் முதலாளி அவனை நிறுத்திவிட்டார். "கரி வண்டியில கிளீன் பண்ணுததுக்கு என்னவே இருக்கு?" என்று என்னிடமே கேட்டார். கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். அவருடைய தமாஷுக்கு அவரே சிரித்துவிடுவதால் எங்களுக்குச் சிரிக்கிற வேலை மட்டும் குறைந்தது. கரி போடுவது, விசிறி சுற்றுவது, சாம்பல் அள்ளுவது எல்லாம் அன்றிலிருந்து என் தலையில் விழுந்தன. அவன் சம்பளம் மட்டும் விழவில்லை.

அந்த வேலையில் சுகமே கிடையாது என்று சொன்னால் பொய். ஆனி, ஆடியில் சாரல் காற்று சுரண்டை வரைக்கும் வந்து உடம்பை நடுக்கும். அப்போது விடியற்காலையில் டிரம் பக்கத்தில் நின்று விசிறி சுற்றுவது நன்றாகத்தான் இருக்கும். முதல் டிரிப்பில் தென்காசி வந்ததும் கோயில் மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே ஒரு கடையில் சுக்குக் காப்பியும் உளுந்த வடையும். வடை சூடாகக் கிடைத்துவிட்டால், அன்றைக்கு யார் என்ன பேசினாலும் மத்தியானம் வரை எனக்கு உறைக்காது. குற்றாலத்தில் பழக்கூடை ஏற்றுகிறவர்களில் ஒருவர் கூடைக்குள் கைவிட்டு ஒரு மங்குஸ்தான் எடுத்து நீட்டுவார். அதை உடைத்து அந்த வெள்ளைச் சுளையை வாயில் போடும் நேரத்துக்கு நானும் சீசனுக்கு வந்த ஆள்தான். ஆனால் கரி வந்த பிறகு இந்த சுகங்களுக்கும் அழுக்குப் பிடித்துவிட்டது. காப்பிக் கடைக்காரர் எனக்கென்று ஓரமாக ஒரு தம்ளரை ஒதுக்கி வைத்தார். "தப்பா நெனைக்காதியும், மத்தவங்க பாத்தா மொகஞ் சுளிக்காவ" என்றார். நான் தப்பாகத்தான் நினைத்தேன். ஆனாலும் அந்தத் தம்ளரில்தான் குடித்தேன், வேறு கடையில் வடை நன்றாக இராது.

எரிச்சல்களுக்குக் குறைவில்லை. குற்றாலத்தில் ஏறுகிறவர்கள் துவட்டாத தலையோடும், சொட்டச் சொட்டப் பிழிந்த துணியோடும் ஏறுவார்கள். தேய்த்த எண்ணெய் முழுதும் போகாமல் சீட்டில் ஒட்டும். அடுத்த டிரிப்பில் அந்தச் சீட்டில் உட்கார்ந்தவர் வேட்டியைப் பார்த்துவிட்டு என்னை வைவார். தீ பிடிக்கிற வரை சும்மா இருக்கமாட்டார்கள். "ஏ கண்டக்டரே, வண்டி எப்பம் கெளம்பும்?" என்று ஒருவர் கேட்பார். "கரி பிடிச்சதும்" என்பேன். பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தவரே உடனே, "எப்பம் கெளம்பும்?" என்பார். ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் வண்டி மூச்சுவிட முடியாமல் நின்றுபோனால் எல்லாரும் இறங்கித் தள்ளவேண்டும். "டிக்கெட் எடுத்தவனே தள்ளணும்னா டிக்கெட் எதுக்குவே?" என்று தினம் ஒரு நியாயஸ்தன் கேட்பான். அவன் கேட்பது நியாயம்தான் என்பதால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

எல்லா எரிச்சலுக்கும் மேல் ஒன்று உண்டு. அது முன் சீட்டு. டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சீட்டு ஒரு பண்ணையாருக்கு உரியது. அவர் சுரண்டைக்கு அந்தண்டை பெரிய நிலக்காரர். எங்கள் வண்டிக்குக் கரி அவர் தோப்பு மரத்திலிருந்து வந்தது. கரி இல்லாவிட்டால் வண்டி இல்லை. ஆகவே சீசன் முழுக்க அவர் வந்தாலும் வராவிட்டாலும் முன் சீட்டு காலியாகவே போகும், காலியாகவே வரும். பின்னால் பிள்ளைத்தாய்ச்சி நின்றுகொண்டு வருவாள். சீட்டு மட்டும் உட்கார்ந்து வரும். அவர் குளிக்கப் போன அன்றைக்கோ, அவர் வந்து ஏறுகிற வரை வண்டி கிளம்பக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. ரயிலைப் பிடிக்கவேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று யார் கத்தினாலும் டிரைவர் அண்ணாச்சி ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் என்னைவிட மூத்தவர், நல்லவர். அவருக்கும் குடும்பம் இருந்தது.

என் ஒரே மகளுக்கு அந்த வருஷம் தை மாதம் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீடு அம்பாசமுத்திரம். மாப்பிள்ளைக்குக் கொல்லத்தில் ஜவுளிக்கடை. கடை உண்மையில் அவருடைய பெரிய அத்தை வீட்டாருடையது. அந்த அம்மாள் கொல்லத்தில் இருந்துகொண்டே அம்பாசமுத்திரத்தில் உப்பு போடுவதா வேண்டாமா என்பதையும் தீர்மானிக்கிறவள். அப்படிப்பட்டவளை நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்துக் கல்யாணத்துக்கு அழைத்திருக்கவேண்டும். நான் முதலாளியிடம் கொல்லம் போய்வர லீவு கேட்டேன். "கார்டு ஒண்ணு போட்டாப் போதும்வே, தபாலாபீசு எதுக்கு இருக்கு?" என்றார். கார்டு போட்டேன். அந்த அம்மாள் கல்யாணத்துக்கு வரவில்லை. "எனக்கு வெத்தல வைக்க வராதவன் வீட்டு வாசலுக்கு எங்க வீட்டு மருமவ எதுக்குப் போகணும்?" என்று சொல்லிவிட்டாள். ஆடிக்கு மகளை அழைத்துவர நான் அம்பாசமுத்திரம் போனேன், அதுவும் ஒரு டிரிப்பை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு. சம்பந்தி காப்பி கொடுத்தார், மழை எப்படி என்று கேட்டார், கடைசியில் கொல்லத்து அக்கா சம்மதிக்கவில்லை என்றார். கொண்டுபோன சேலையோடு திரும்பி வந்தேன். மகள் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சம்பந்தம் பேசினவர்கள் என்னை "மோட்டார் கம்பெனி ஏஜெண்ட்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். அப்போது பெட்ரோல் இருந்தது, நான் மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தேன். பார்த்தவர்கள் நம்பினார்கள். சம்பந்திக்கு நாளடைவில் விஷயம் தெரிந்தது, மனுஷன் பெரிதுபண்ணவில்லை. ஆனால் கொல்லத்து அத்தைக்கு அதைச் சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

ஆடி பாதி போயிருக்கும். அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் வண்டியில் ஏறினார். டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போது, "உம்ம மவ புதன்கெழம கொல்லம் போறாளாமே? பெரியத்தையே வந்து கூட்டிக்கிட்டுப் போறாகளாம்" என்றார். எந்த ரயில் என்று கேட்டேன். மத்தியான வண்டி. அது தென்காசி வழியாகத்தான் போகும். கொஞ்ச நேரம் நிற்கும். அதைவிட, அந்த ரயிலில் இறங்குகிறவர்களை ஏற்றிக்கொள்வதற்காகவே எங்கள் வண்டி குற்றாலத்திலிருந்து அந்த நேரத்துக்கு ரயிலடிக்கு வரவேண்டும் என்று ஏற்பாடு. என் வேலையே என்னைக் கொண்டுபோய் அந்தப் பிளாட்பாரத்தில் நிறுத்தும்! அந்தக் கரி வண்டியில் வேலை பார்த்த காலத்தில் அது எனக்கு ஒரு நல்லது செய்யப்போகிறது என்று நான் நினைத்தது அன்று ஒருநாள்தான்.

வீட்டில் சொன்னதும் மனைவி அடுப்பங்கரையில் இருந்து எழுந்து வந்தாள். "நீயும் வா" என்றேன். மாட்டேன் என்றுவிட்டாள்.

"நான் வந்து ரயிலடில நின்னேன்னா, அனுப்பாத பிள்ளைய வழிமறிச்சுப் பாக்க வந்துட்டான்னு அந்தப் பொம்பள பேசுவா. நீங்க வண்டியோட அங்கன போறவுகதான? தற்செயலாப் பாத்த மாதிரி இருக்கும்."

"தற்செயலா வாரவன் கையில பலகாரம் இருக்குமாட்டி?" என்றேன், ஏனென்றால் அதற்குள் அவள் பாசிப்பயறை வறுக்க எடுத்துவிட்டாள்.

மகளுக்கு முந்திரிக்கொத்து என்றால் உயிர். பயறை வறுத்துத் திரித்து, வெல்லப் பாகில் பிசைந்து, உருண்டை பிடித்து, மாவில் முக்கிப் பொரிக்கவேண்டும். பாகு இளகினால் உருண்டை நிற்காது, முத்தினால் பல்லை உடைக்கும். மனைவி பாகைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எப்படி எடுத்தாலும் 'பாகு முத்திப்போச்சும்மா'ன்னுதான் சொல்லுவா. அவளுக்கு எங் கைப் பக்குவத்துல ஒரு கொற சொல்லாம எறங்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குரலில் ஒரு குறையும் இல்லை. கல்யாணத்துக்குத் தைத்த என் வெள்ளைச் சட்டையைத் துவைத்து, செம்பில் கங்கு போட்டு மடிப்பு எடுத்து வைத்தாள். "குற்றாலத்துல கைய கால கழுவிட்டு இதப் போட்டுக்கிடுங்க. அந்தக் காக்கியோட போய் நிக்காதிய. கொல்லத்துக்காரி பாக்கட்டும்."

புதன்கிழமை காலையில் சட்டையையும் பலகாரப் பொட்டலத்தையும் துணியில் கட்டி முன் சீட்டுக்கு அடியில் வைத்தேன். வண்டியிலேயே கரி படாத, கால் படாத இடம் அது ஒன்றுதான். பின்னால் வைத்தால் நாலு பேர் மிதிப்பார்கள். அண்ணாச்சி, "என்னவே, மாப்பிள்ள கணக்கா சட்டையெல்லாம்?" என்றார். சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். ஆனால் முதல் டிரிப்பிலேயே பண்ணையாரும் அவர் சம்சாரமும் குளிக்கப் போக வந்து ஏறினார்கள். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். "மத்தியானத்துக்குள்ள குளிச்சு முடிச்சிருவாகவே" என்று அவராகவே சொன்னார்.

மத்தியானம் ஆயிற்று. குற்றாலத்தில் வண்டி நிறைந்துவிட்டது. ரயிலுக்குப் போகிறவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி ஹாரன் பந்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். முன் சீட்டு காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு நானே அருவிப் பக்கம் ஓடினேன். பண்ணையார் ஒரு பாறைமேல் குப்புறப் படுத்திருந்தார். எண்ணெய் தேய்க்கிறவர் அவர் முதுகில் இரண்டு கையாலும் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல சாரல். அருவி இரைச்சலில் நான் கத்திச் சொல்லவேண்டியிருந்தது.

"ஐயா, வண்டிக்கு நேரமாயிட்டு."

"எண்ணெ ஊறணும்லா?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"கொல்லம் வண்டி வந்திரும்யா."

"வரட்டும்லே. நான் என்ன கொல்லத்துக்கா போறேன்?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "அதுல எம் பிள்ள போகுதுய்யா. ஒரு எட்டுப் பாக்கணும்" என்றேன். அதை அவரிடம் சொன்னது எனக்கே அசிங்கமாக இருந்தது. அவர் கண்ணைத் திறந்து அன்பாகத்தான் என்னைப் பார்த்தார்.

"அதுக்கென்னலே, தாராளமாப் பாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். எண்ணெய்க்காரர் என்னைப் பார்த்து லேசாக உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தாளத்தைத் தொடர்ந்தார்.

திரும்பி ஓடிவந்தால் இன்னொரு வினை. வண்டி ரொம்ப நேரம் நின்றதில் டிரம்மில் தீ அடங்கியிருந்தது. அந்த வண்டிக்கு அதுதான் குணம். நிற்கவிட்டால் செத்துப்போகும், மறுபடி முதலிலிருந்து ஊதி எழுப்பவேண்டும். மூட்டைக் கரியும் சாரலில் நனைந்திருந்தது. கம்பியை விட்டுக் கிளறி, கரியைக் கொட்டி, விசிறியைச் சுற்றினேன். நனைந்த கரி புகைந்ததே தவிர கனலவில்லை. மூடியைத் திறந்து பார்க்கக் குனிந்தபோது உள்ளே தேங்கியிருந்த புகை ஒரேயடியாக மூஞ்சியில் அடித்தது. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்தால் துடைத்த கையே கரி. வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கும் பொழுது போகவேண்டுமே.

தீ பிடிப்பதற்கும் பண்ணையார் ஆடி அசைந்து வந்து சேர்வதற்கும் சரியாக இருந்தது. அவர் சம்சாரம் பிழிந்த ஈரத் துணிகளை மூட்டையாகக் கட்டி முன் சீட்டுக்கு அடியில் தள்ளினாள். "அங்கன என் துணி இருக்கும்மா" என்று நான் சொல்வதற்குள் அண்ணாச்சி வண்டியை எடுத்துவிட்டார். எனக்காகத்தான் அவசரப்பட்டார். நான் பின்படியில் தொங்கிக்கொண்டு வந்தேன். முன் சீட்டுக்கும் எனக்கும் நடுவில் வண்டி நிறைய ஆட்கள்.

ஆற்றில் இறங்கி முகம் கழுவிக்கொள்ளலாம் என்று வழியில் கணக்குப் போட்டுக்கொண்டேன். ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். பண்ணையார் இறங்கவில்லை, அவர் இறங்கி யாரும் பார்த்ததில்லை. நான் தள்ளாமல் பின்னால் நின்று விசிறியைச் சுற்றினேன். கீழே சிற்றாறு நிறையத் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. பத்தடி இறங்கினால் முகம் கழுவிவிடலாம். அந்த நேரத்தில் ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது.

ரயிலடி வாசலில் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டேன். சட்டையும் பொட்டலமும் ஞாபகத்தில் இருந்தன. எடுக்கப் போனால் ஈர மூட்டையை நகர்த்தி, பண்ணையார் காலைத் தூக்கச் சொல்லி, அவர் ஏன் எதற்கு என்று கேட்டு... ஓடிவிட்டேன். வாசலில் டிக்கெட் பரிசோதிக்கிறவருக்கு என்னைத் தெரியும். "என்னவே இது கோலம்?" என்று கேட்டபடி வழிவிட்டார்.

பெண்கள் பெட்டி நடுவில் இருந்தது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போனேன். மகளைப் பார்த்துவிட்டேன். மாம்பழக் கலர் சேலை. தலையில் பூ. உடம்பு மெலியவில்லை. அவளும் என்னைப் பார்த்தாள். முதலில் அவளுக்குத் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். பிறகு தெரிந்தது, அவள் வாய் 'அ' என்று திறந்தது. அதற்குள் அவளுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு கை பித்தளைச் செம்பை வெளியே நீட்டியது. காதில் பாம்படம் ஆட, கனத்த ஓர் அம்மாள்.

"ஏலே, இஞ்சின் கரிக்காரா! இங்கன வா. கொழாயில இதுல தண்ணி பிடிச்சுக் கொண்டா. விளிம்புல கை படாமப் பிடி."

ரயிலடியில் கரி பூசிக்கொண்டு காக்கிச் சட்டையில் ஓடுகிறவன் வேறு யாராக இருப்பான்? அவள்மேல் தப்பே இல்லை. கல்யாணத்துக்கு வந்திருந்தால் என்னை அடையாளம் தெரிந்திருக்கும். நேரில் போய் அழைத்திருந்தால் கல்யாணத்துக்கு வந்திருப்பாள்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், பிறகு மடியில் இருந்த தன் கையைப் பார்த்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. நான் செம்பை வாங்கிக்கொண்டேன்.

குழாயடியில் தண்ணீர் கொட்டியது. அங்கேயே முகத்தைக் கழுவியிருக்கலாம். இரண்டு கை தண்ணீர் போதும், காலையிலிருந்து நான் தேடின தண்ணீர் அதுதான். கையைக் குழாய்க்கு அடியில் நீட்டவும் செய்தேன். பிறகு யோசித்தேன். கழுவின முகத்தோடு போய் நின்றால் 'யாரது, உன்னையே பார்க்கிறானே' என்று அவளைக் கேட்பார்கள். அவள் பதில் சொல்லவேண்டிவரும். கரியோடு போனால் யாரும் யாரையும் எதுவும் கேட்கமாட்டார்கள். செம்பை மட்டும் நிறைத்துக்கொண்டு திரும்பினேன். அப்போது எனக்கு இருந்த ஆத்திரத்தை இப்போது எழுதும்போதும் அடக்கமுடியவில்லை. முதலாளிமேல், முன் சீட்டுமேல், கரிமேல், எல்லாவற்றையும்விட அவள்மேல். பெற்று வளர்த்தவனை 'அப்பா' என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு எவ்வளவு மூச்சு வேண்டும்?

செம்பை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். எவ்வளவு பதனமாகப் பிடித்தும் விளிம்பில் என் கட்டைவிரல் கரி ஒட்டியிருந்தது. அத்தை, "பாரு, படாதன்னேன், பட்டுட்டான். கொஞ்சத்தச் சாய்ச்சு ஊத்திக் கழுவு" என்றாள். மகள் செம்பை என் கையிலிருந்து வாங்கினாள். கழுவவில்லை. அண்ணாந்தும் குடிக்கவில்லை. அந்த விளிம்பிலேயே வாயை வைத்து மடக் மடக்கென்று குடித்தாள்.

"ஏட்டி, எச்சிப்படுத்திட்டியே! கழுவாமக் குடிக்கியே, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். மகள் உதட்டில் கரி ஒட்டியிருந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. அதுதான் அவளால் முடிந்தது என்று பிற்பாடு என்னென்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்கு அது போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை.

ரயில் ஊதியது. நான் நகராமல் நின்றேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சில்லறையெல்லாம் இல்ல, போலே" என்றாள். ரயில் நகர்ந்தது. செங்கோட்டைப் பக்கம் வளைகிற வரை அந்த ஜன்னலையே பார்த்தேன். அதிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

வெளியே வந்தால் அண்ணாச்சி ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார். முன் சீட்டில் பண்ணையார் மடியில் என் வீட்டுத் துணி விரிந்து கிடந்தது. அதில் பொட்டலம் பிரிந்து, உருண்டைகளில் பாதியைக் காணவில்லை. வெள்ளைச் சட்டை காலடியில் ஈர மூட்டைக்குள் கிடந்தது.

"யாருலே இத இங்கன வச்சது? அருவில குளிச்சா பசி எடுக்கும்லா, பிரிச்சிட்டேன்" என்றார் மென்றுகொண்டே. "நல்லாத்தான் இருக்கு. பாகுதான் கொஞ்சம் முத்திப்போச்சு."

அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போய் விசிலை ஊதினேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலிலேயே நின்றாள்.

"பாத்தியளா?"

"பாத்தேன்."

"மெலிஞ்சிருக்காளா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கா. மாம்பழக் கலர் சேல."

"பேசுனாளா?"

"தண்ணி தவிச்சிருக்கு. செம்புல பிடிச்சுக் குடுத்தேன். குடிச்சா."

மனைவி ஒரு பெருமூச்சு விட்டாள். "உங்க கையால ஒரு வாய் தண்ணியாவது குடிச்சாளே. பலகாரம்?"

"அங்கனேயே பிரிச்சுத் தின்னாச்சு."

"என்ன சொன்னா?"

"பாகு கொஞ்சம் முத்திப்போச்சுன்னா."

அவள் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "நாஞ் சொல்லல? நாஞ் சொல்லல? அவ வாயி எங்க போவும்!" என்று, பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலாக எட்டி, அந்த வீட்டம்மாளிடமும் சொன்னாள். பிறகு உள்ளே வந்து என் கையில் இருந்த சட்டையை வாங்கினாள். சட்டை ஈரமும் எண்ணெயுமாக இருந்தது. ஆனால் அவள் போட்ட மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை. அதைப் பார்த்தாள், விளக்கைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள்.

"இதப் போடவேயில்லையா? இந்த மூஞ்சியோடயா போய் நின்னிய?"

"நேரமில்ல."

"அந்தக் கொல்லத்துக்காரி முன்னாலயா? உங்கள இந்தக் கோலத்துல பாத்துட்டு எம் பிள்ள ஒண்ணும் சொல்லலயா?"

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

"அது தங்கம்லா" என்று சொல்லிவிட்டு, சட்டையை ஊறவைக்க எடுத்துக்கொண்டு போனாள்.